சேஃப்டி ஷூவைக் கழற்றிய பிறகு

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் விடும் நேரத்தில் ஏதாவது ஒரு கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். உள்ளே எட்டு மணி நேரமும் கண்ணாடி, கையுறை, சேஃப்டி ஷூ என்று முறையாக இருந்தவர், வெளியே வந்ததும் ஹெல்மெட்டை பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்புகிறார். வழியில் ட்யூஷன் முடிந்து நிற்கும் மகளை ஏற்றிக்கொள்கிறார். வீட்டுக்குப் போய் அதே எண்ணெய்ச் சட்டையோடு சின்னவனைத் தூக்கிக் கொஞ்சுகிறார்.

கம்பெனியில் ஒருவருக்கு விரல் நசுங்கினால் விசாரணை நடக்கும், அறிக்கை எழுதுவார்கள், மறுநாள் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் அதைத்தான் பேசுவார்கள். வீட்டில் குழந்தைக்குக் கை வெந்தால் ‘நேரம் சரியில்லை, கண்ணு பட்டுடுச்சு’ என்று முடித்துவிடுகிறோம். ஆனால் இரண்டு விபத்துகளுக்கும் காரணம் ஒரே மாதிரிதான்: தடுப்பு இல்லாத ஆபத்து, அதைத் தினமும் பார்த்துப் பழகிப்போன கண். ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆபத்தைக் கண்டுபிடிக்கும் பயிற்சியைச் சம்பளம் கொடுத்தே கற்றுத்தருகிறார்கள். அந்தப் பயிற்சி வீட்டுக்கு வர வேண்டும். வரக்கூடாத சில பொருள்கள்தான் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. அதிலிருந்து தொடங்குவோம்.

கேட்டிலேயே விட்டுவர வேண்டியவை

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பனியன் வேஸ்ட் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்து வருவேன், வண்டி துடைக்க. ஒரு நாள் காலையில் அம்மா அதில் ஒரு துண்டை எடுத்து தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெஷின் துடைத்த துணி அது. கூலண்ட், கிரீஸ், கண்ணுக்குத் தெரியாத இரும்புப் பிசிறு எல்லாம் அதில் இருக்கும். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. துணி சுத்தமாகத்தான் தெரிந்தது. அன்றோடு நிறுத்தினேன்.

இப்படி வீட்டுக்கு வரும் நஞ்சைப் பற்றி உலகம் வெகு காலமாகவே எச்சரித்து வருகிறது. லண்டனில் 1965இல் வெளியான ஓர் ஆய்வு, கல்நார் தொழிற்சாலைக்குள் காலே வைக்காத சிலருக்கும் அதே கல்நார்ப் புற்றுநோய் வந்திருந்ததைக் கண்டது. அவர்கள் அங்கே வேலை செய்தவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். கணவரின் வேலைத் துணியைத் துவைத்த மனைவிகளும் அவர்களில் உண்டு. அமெரிக்காவில் 1992இல் தொழிலாளர் குடும்பப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஈயம்தான் குழந்தைகளுக்கு மிகவும் மோசமானது. பேட்டரி வேலையிலோ சால்டரிங்கிலோ பழைய பெயின்ட் சுரண்டும் வேலையிலோ உடையில் ஒட்டும் ஈயத் தூசு, தரையில் தவழ்ந்து விரலைச் சூப்பும் பிள்ளையின் உடம்புக்குள் போய் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று குழந்தையின் ரத்தத்தில் ஈயத்துக்கு ஓர் அளவே கிடையாது.

எனவே வேலைத் துணியைக் கம்பெனியிலேயே மாற்றுங்கள். லாக்கர், கை கால் கழுவும் இடம், துணி வைக்கும் இடம் எல்லாம் முதலாளி காட்டும் கருணை அல்ல. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே உள்ள ஏற்பாடு. கான்ட்ராக்டில் இருப்பவர்களும் கேட்கலாம், கேட்க வேண்டும். கிளம்பும் முன் ஏர் கன்னால் உடம்பில் காற்றடித்துத் தூசு தட்டும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அதை விடுங்கள். தூசு போவதில்லை, பாதி உங்கள் நுரையீரலுக்கும் மீதி பக்கத்தில் நிற்பவருக்கும் போகிறது. துணியை வீட்டுக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டுமென்றால் தனிப் பையில் கட்டிக் கொண்டுவாருங்கள். உதறாமல் முதலில் தண்ணீரில் நனைத்துவிட்டு, குழந்தைத் துணியோடு சேர்க்காமல் துவையுங்கள். குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். பாகலூர், அமுதகொண்டபள்ளி பக்கம் ரோஜாப் பசுமைக்குடில்களில் மருந்து அடிக்கும் அக்காக்களுக்கும், கிரானைட் பாலிஷ் வேலையில் இருப்பவர்களுக்கும் இதே விதிதான். ஒருவருக்குப் பூச்சிமருந்து, இன்னொருவருக்குக் கல்தூசு.

ஷூவை வாசலுக்கு வெளியே விடுங்கள். ஆனால் மறுநாள் காலை அதைத் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டாமல் காலை விடாதீர்கள். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தேளுக்கும் குட்டிப் பாம்புக்கும் சேஃப்டி ஷூ நல்ல வீடு.

இன்னும் மூன்று பொருள்களைச் சொல்ல வேண்டும். முதலாவது, காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கும் நீல டிரம். அதில் முன்பு என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது. எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக் உறிஞ்சிய ரசாயனம் முழுதாகப் போகாது. குடிக்க, சமைக்க அதில் பிடித்த தண்ணீர் வேண்டாம். இரண்டாவது, வெந்நீர் போட விறகாகும் பேலட் கட்டை. ஏற்றுமதிப் பேலட்டில் ஒரு முத்திரை இருக்கும். ‘ஹெச்டி’ என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது. ‘எம்பி’ என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு ஏற்றியது. எம்பி முத்திரை உள்ளதையும், பெயின்ட் அடித்ததையும், எண்ணெய் குடித்ததையும் அடுப்பில் வைக்காதீர்கள். மூன்றாவதுதான் என்னை அதிகம் பயமுறுத்துவது: குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவரும் தின்னர், டீகிரீசர், ஆசிட். தாகத்தோடு விளையாடி வரும் பிள்ளைக்கு அது பாட்டில், அவ்வளவுதான். குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தின்னர், மண்ணெண்ணெய் போன்றவை வாந்தியோடு மேலே வரும்போது நுரையீரலுக்குள் இறங்கும். ஆசிட் வந்த வழியெல்லாம் மறுபடி வேகவைக்கும். பிள்ளையோடு அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

குளியலறையில் இருக்கும் கொலைகாரன்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் காலை ஆறு மணிக்கு பச்சைத் தண்ணீரில் குளிக்க முடியாது. மின்சார கீசரைவிடச் செலவு குறைவு என்று கேஸ் கீசர் மாட்டுகிறோம், நான்கடிக்கு ஐந்தடிக் குளியலறைக்குள், ஜன்னலையும் சாத்திவிட்டு.

கேஸ் எரியக் காற்று வேண்டும். மூடிய அறையில் காற்று குறையக் குறைய, நெருப்பு முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வரத் தொடங்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது பிடித்துக்கொள்ளும். லேசாகத் தலைவலி, கிறுகிறுப்பு, கால் தளர்ச்சி. தாழ்ப்பாளைத் திறக்க நினைப்பதற்குள் விழுந்துவிடுவார்கள். நைட் ஷிப்ட் முடித்து வருபவர் வீட்டில் எல்லோரும் தூங்கும்போது குளிக்கப் போகிறார். அரை மணி நேரமாகியும் வரவில்லை என்பதைக் கவனிக்க அங்கே யாரும் இல்லை.

கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டி, குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். மறுத்தால் அந்தக் கீசரைப் பயன்படுத்தாதீர்கள். மாற்றும் வரை, கதவைத் திறந்துவைத்து வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்து, சிறிது நேரம் விட்டு அப்புறம் குளிக்கலாம். ஒருவர் பின் ஒருவராக நான்கு பேர் அதே அறையில் கீசரை ஓடவிட்டுக் குளிக்கவே கூடாது. குளிருக்குக் கரியடுப்பை மூட்டி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பதும் இதே சாவுதான். வடமாநிலத்திலிருந்து வந்து லைன் வீடுகளில் ஆறேழு பேராகத் தங்கியிருக்கும் தம்பிகளுக்கு இதை இந்தியிலாவது கைஜாடையிலாவது சொல்லிவிடுங்கள். நம் லைனில் வேலை செய்பவர்கள்தானே.

வாளியில் போடும் ஹீட்டர் ராடு பற்றி ஒரே வரி: சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரல். மெயின் போர்டில் மின்கசிவைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் முதல் போனஸ் செலவு அதுவாக இருக்கட்டும்.

அதட்டல் கடைசியில்தான்

ஆபத்தைக் கையாள கம்பெனியில் ஒரு வரிசை சொல்லிக்கொடுப்பார்கள். முதலில் ஆபத்தையே அகற்று. முடியாவிட்டால் பதிலுக்கு வேறொன்றை வை. அதுவும் முடியாவிட்டால் தடுப்புப் போடு. பிறகுதான் எச்சரிக்கைப் பலகை, பயிற்சி. கையுறையும் கண்ணாடியும் எல்லாவற்றுக்கும் கடைசி. வீட்டில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். “அங்க போகாத, அதத் தொடாத” என்று நாள் முழுவதும் கத்துவது வெறும் எச்சரிக்கைப் பலகை. இரண்டு வயதுக் குழந்தைக்குப் பலகை படிக்கத் தெரியாது.

அடுப்படியை இந்த வரிசையில் பாருங்கள். ஒற்றை அறை வீட்டில் அடுப்பு தரையில் இருந்தால், அதை மேடைக்கு ஏற்றுவது ஆபத்தை அகற்றுவது. இரும்புக் கடையில் கோண இரும்பு வெட்டி வெல்டிங் செய்து ஸ்டாண்ட் போட நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? பாத்திரக் கைப்பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைப்பதற்குக் காசே தேவையில்லை. கஞ்சி வடிக்கும் நேரமும் சாம்பார் குண்டானைத் தரைக்கு இறக்கும் நேரமும் தான் குழந்தைகள் அதிகம் வேகும் நேரம். அந்த ஐந்து நிமிடம் குழந்தை இன்னொருவர் கையில் இருக்கட்டும். வெந்துவிட்டால் உடனே குழாய்த் தண்ணீருக்கு அடியில் 20 நிமிடம் வையுங்கள். கடிகாரம் பார்த்து, முழுதாக 20 நிமிடம். வீங்கும் முன் வளையல், கொலுசு, அரைஞாண் கயிற்றைக் கழற்றுங்கள். பேஸ்ட், இங்க், காபித்தூள், ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடுங்கள். முகம், கை, மறைவிடம் வெந்திருந்தாலோ, குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிய காயமாக இருந்தாலோ மருத்துவரிடம் போக யோசிக்கவே கூடாது.

கேஸ் வாசனை வந்தால் விளக்கைப் போட்டுப் பார்க்காதீர்கள். எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம். தரையோடு தங்கி, சுவிட்சின் ஒரு சிறு பொறிக்காகக் காத்திருக்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்குப் பேசுங்கள்.

மின் ஸ்கூட்டர் செய்யும் ஊர் இது. அதை நாமே வாங்கி, இரவு முழுக்க வீட்டு வாசலை அடைத்தபடி எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சார்ஜ் போடுகிறோம். 2022 மார்ச்சில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் நள்ளிரவில் தீப்பிடித்தது. புகையில் சிக்கி ஒரு தந்தையும் பள்ளிச் சிறுமியான அவர் மகளும் இறந்தார்கள். நெருப்பு அல்ல, புகைதான் கொன்றது. கம்பெனியில் எமர்ஜென்சி எக்சிட் முன்னால் ஒரு டிராலி நின்றால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார் இல்லையா? வீட்டுக்கு இருப்பது ஒரே வாசல். சார்ஜிங் வழியை விட்டு விலகி, வெளியே, தனி 16 ஆம்பியர் சாக்கெட்டில், நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் நடக்கட்டும்.

அடுத்து சம்ப். தண்ணீர் லாரியை நம்பி வாழும் ஊர் என்பதால் ஓசூரில் வீட்டுக்கு வீடு சம்ப் உண்டு. மூடி கனமாக, பூட்டோடு இருக்க வேண்டும். சுத்தம் செய்ய உள்ளே இறங்குவது கம்பெனிக் கணக்கில் ‘கன்ஃபைன்டு ஸ்பேஸ்’. பெர்மிட், காற்றுச் சோதனை, மேலே ஒரு காவல் ஆள் இல்லாமல் இறங்கவிட மாட்டார்கள். வீட்டில் மட்டும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். புதிதாகக் கட்டிய சம்பில் சென்டரிங் பலகை பிரிக்க இறங்குவது இன்னும் மோசம். ஈரப் பலகை மக்கி உள்ளே இருந்த ஆக்சிஜனைத் தின்று வைத்திருக்கும். முதல் ஆள் மயங்கியதும் காப்பாற்ற இறங்குபவரும் சாகிறார். இறங்காதீர்கள். 108க்கும் தீயணைப்புக்கும் பேசுங்கள். கைக்குழந்தைக்கு சம்பே தேவையில்லை, கால்வாசி நிறைந்த வாளி போதும். இரவில் வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள்.

தண்ணீரில் இருப்பது

பிள்ளையின் பற்களில் பழுப்புக் கோடுகள் தெரிந்தால் பல்பொடியை மாற்றிப் பயனில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் நிலத்தடிப் பாறையிலேயே ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ‘ஃப்ளோரோசிஸ் தணிப்புத் திட்டம்’ என்று பெயர் சேர்ந்தது அதனால்தான். ஜப்பான் கடனுதவியில் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீரே இல்லாதபோதும் 1.5ஐத் தாண்டக்கூடாது. பெரும்பாலோர் செய்யும் தவறு, காய்ச்சிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது. காய்ச்சினால் கிருமி சாகும். தண்ணீர் ஆவியாகி ஃப்ளோரைடு இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும். போர்வெல் தண்ணீரைக் குளிக்க, துவைக்க வைத்துக்கொண்டு, ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரையோ ஆர்ஓ தண்ணீரையோ குடிக்கவும் உலை வைக்கவும் எடுங்கள். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். எட்டு வயது வரை நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும். கவனிக்க வேண்டிய வயது அதுதான்.

பெங்களூருக் கழிவோடு வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாகப் பொங்கும் நாட்களில் பிள்ளைகள் அதை அள்ளி விளையாடப் போவார்கள். அனுப்பாதீர்கள்.

எல்லையில் வாழ்பவர்கள் எழுதி வைக்க வேண்டியது

ஜூஜூவாடியில் வீடு, கர்நாடகப் பக்கம் பொம்மசந்திராவில் வேலை என்று வாழும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். விபத்து நடந்தால் எந்த மாநிலத்தில் விழுந்தோம் என்பது பண விஷயமாகிவிடும். 108 இரண்டு பக்கமும் ஒன்றுதான். பேசும்போது முதலில் ஊரையும் மாநிலத்தையும் சொல்லுங்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசுச் செலவில் கிடைக்கும். அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளும் இதில் அடக்கம். அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டால், 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டம் இருக்கிறது: நாடு முழுவதும் 7 நாள் வரை, ரூ.1.5 லட்சம் வரை.

ஈஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்கள் இன்றே போனில் ஒன்றைப் பாருங்கள்: மனைவி, பிள்ளைகள், பெற்றோர் பெயர் சேர்ந்திருக்கிறதா? டிஸ்பென்சரி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, கம்பெனிக்குப் பக்கத்தில் இருக்கிறதா? நீங்கள் கர்நாடகத்தில் வேலை செய்தாலும் குடும்பம் இங்கே மருத்துவம் பார்த்துக்கொள்ள வழி உண்டு. எச்ஆரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகும், வரும் வழியில் நடக்கும் விபத்தும் 2010ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு வேலை விபத்தாகக் கருதப்படும். அதற்கு அன்றே கம்பெனிக்குத் தகவல் போக வேண்டும். போலீஸ், ஆஸ்பத்திரிக் காகிதங்கள் பத்திரமாக இருக்க வேண்டும். இது தெரியாமல் இழப்பீட்டை இழந்த குடும்பங்களைப் பார்த்து மனம் வெந்திருக்கிறேன்.

44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் ஊருக்குச் சோறு போடும் சாலை. பலி வாங்குவதும் அதே சாலை. பின்னால் உட்காரும் மனைவிக்கும் ஹெல்மெட் வேண்டும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் ஓட்டுபவரோடு இணைக்கும் பெல்ட், குழந்தைக்கேற்ற ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் என்று 2023 பிப்ரவரியிலிருந்தே விதி இருக்கிறது. நைட் ஷிப்ட் முடித்த கண்ணோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்பாதீர்கள். நான்கு மணி நேரம் தூங்கிவிட்டுப் போனால் கிரகப்பிரவேசம் ஒன்றும் நின்றுவிடாது.

பண்டிகைக் கால வேலை

2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். கிடங்கில் இருந்தவர்களோடு அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் போனார்கள். அடுத்த மூன்று மாதம் முடிவதற்குள், அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தது. அதில் இறந்தவர்களில் பெரும்பாலோர் தீபாவளிச் செலவுக்காக வேலைக்குப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள். காலேஜ் படிக்கும் பிள்ளை “பத்து நாள் வேலைம்மா, நல்ல காசு” என்று கேட்கும்போது சம்பளத்தை மட்டும் கேட்டு அனுப்பிவிடுகிறோம். நீங்களே ஒரு முறை போய் அந்த இடத்தைப் பாருங்கள். ஷட்டரைத் தவிர வெளியேற இன்னொரு வழி இருக்கிறதா? தீயணைப்பான் எட்டும் உயரத்தில் இருக்கிறதா? சரக்கு வழியை அடைத்துக்கொண்டிருக்கிறதா? இரண்டாவது வழி இல்லாத கிடங்குக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். எத்தனை காசு கொடுத்தாலும் சரி.

வேலைக்கும் உதவும்

கம்பெனி முதலுதவிப் பயிற்சிக்குப் பெயர் கேட்கும்போது கையைத் தூக்குங்கள். பலர் ஓவர்டைம் போய்விடும் என்று பின்வாங்குவார்கள். ஷிப்டுக்கு ஷிப்ட் சான்றிதழ் பெற்ற முதலுதவியாளர் தேவைப்படுகிறார். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் தரும் சான்றிதழ் உங்கள் பயோடேட்டாவில் ஏறும், சேஃப்டி கமிட்டியில் இடம் கிடைக்கும். டிப்ளமோ முடித்துச் சில வருட அனுபவம் உள்ள தம்பி தங்கைகள் தொழிலகப் பாதுகாப்பு டிப்ளமோவைப் பற்றி யோசிக்கலாம். சென்னையில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையம் அதை நடத்துகிறது. நெஞ்சை அழுத்தி மூச்சு மீட்கும் வித்தையும், தொண்டையில் நிலக்கடலை சிக்கிய குழந்தையைக் குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டும் வித்தையும் கம்பெனியைவிட வீட்டில்தான் முதலில் பயன்படும்.

கம்பெனியில் நியர் மிஸ் எழுதுவது போல வீட்டிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். பாட்டி குளியலறையில் வழுக்கி, விழாமல் சுவரைப் பிடித்தது. குக்கர் கேஸ்கெட் பிய்ந்தது. மாடிப்படிக் கைப்பிடி ஆடுவது. பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள், நம் கண்ணுக்குத் தப்பியதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை டிபனுக்குப் பிறகு பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி வந்து, எழுதியதில் ஒன்றையாவது அன்றே சரிசெய்யுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அடுப்பை விரலால் காட்டி “கேஸ் ஆஃப்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்; லைனில் சுட்டிக் காட்டிச் சொல்லும் அந்தப் பழக்கம் ஜப்பானிய ரயில்வே ஊழியர்களிடமிருந்து வந்தது, என் வீட்டில் இப்போது யூகேஜி படிக்கும் பையன்தான் அதைச் செய்கிறான்.

இந்த ஞாயிறு முதலில் சம்ப் மூடியைப் பாருங்கள். இரும்பு மூடி செய்ய ஆர்டர் கொடுத்து, வர ஒரு வாரம் ஆகுமென்றால், அதுவரை இரண்டு ஆள் தூக்கும் கடப்பாக் கல்லை அதன் மேல் ஏற்றி வையுங்கள்.